வேலையில் நமக்கும் ஒரு சொல் வேண்டும்



ஜெலுத்தோங் என்பது ஊருக்குப் பெயராகும் முன் ஒரு மரத்தின் பெயர். ரப்பரைப் போல அதுவும் பால் மரம்தான். அதன் பாலைக் கொண்டு ஒரு காலத்தில் சூயிங்கம் செய்தார்கள். இன்று பினாங்கு ஜெலுத்தோங்கில் கண்ணுக்குத் தெரிவது மாடி வீடுகள். அவற்றில் ரப்பர்த் தோட்டங்களை விட்டு வந்த நம்மவர் குடும்பங்களும் உண்டு. 1972-ஆம் ஆண்டில் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கி மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தபின், பெண்பிள்ளைகள் பலர் அங்கே வேலைக்குச் செல்லத் தொடங்கினார்கள்.

அப்படிப்பட்ட வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. “ஏர்கோன் அறையில் செய்கிற வேலை. மழையா, வெயிலா, கொசுக்கடியா? அதில் என்னம்மா உனக்குக் கஷ்டம்?”

ஜெலுத்தோங்கில் இருக்கும் என் அக்காள் தம் மகளிடம் இப்படித்தான் கேட்பார். அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. அதற்குள் இரத்தக் கொதிப்பு, இரவில் தூக்கமில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. பகலும் இரவும் மாறி மாறி வரும். வரிசையை விட்டு எழ வேண்டுமானால் மாற்று ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். கூடுதல் நேர வேலை உண்டா, இல்லையா என்பது மாலையில்தான் தெரியும். பிள்ளையை யார் அழைத்து வருவது என்ற கவலை தினமும் மனத்தை அரிக்கும்.

ஒரு நாள் அவள் அம்மாவைத் திருப்பிக் கேட்டாள். “நீங்க மரம் வெட்டுறப்போ தண்ணி குடிக்க யாரையாச்சும் கேட்டீங்களாம்மா?”

அக்காள் பதில் பேசவில்லை.

பால்மரம் வெட்டுவது எளிய வேலை அன்று. விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போக வேண்டும். பிறகு மங்கு மங்காகப் பாலை எடுத்து, வாளிகளைச் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டு வர வேண்டும். பட்டையில் காயம் பட்டால் கங்காணி ஏசுவார். எத்தனை மரம், என்ன கூலி என்பதிலெல்லாம் தொழிலாளியின் சொல் தனியாக ஏறாது. ஆனாலும் தன் நிரைக்குள் போய்விட்டால் உளியும் கையும் அவளுடையவை. எந்த மரத்தில் நிதானிப்பது, எப்போது வேர்மேல் உட்கார்ந்து வரக்கோப்பி குடிப்பது என்பதை அவளே முடிவு செய்வாள். வெளிக்காட்டில் கூட்டமாக நின்று புல் வெட்டியவர்களுக்கு அதுவும் இல்லை. அங்கே முதுகுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பார்வை இருக்கும். “வெளிக்காட்டைவிடப் பால்காடே மேல்” என்று பெரியவர்கள் சொன்னதற்குக் கூலி மட்டும் காரணமாக இருந்திருக்காது.

இது வெறும் மனக்குறை என்று தள்ளிவிட வேண்டாம். 1967-ஆம் ஆண்டில் இலண்டனில் ஏறத்தாழ 18,000 அரசாங்க ஊழியர்களை ஆராயத் தொடங்கினார்கள். வெயிலில் காய்பவர் அவர்களில் யாருமில்லை. எல்லாரும் ஆண்கள். பொறுப்பு அதிகமுள்ள மேலதிகாரிகளுக்குத்தான் மாரடைப்பு அதிகம் வரும் என்பது அக்கால நம்பிக்கை. கண்டது நேர்மாறு. கீழ்நிலை ஊழியர்களிடையே இருதய நோயால் இறந்தவர்கள் அதிகம். புகைபிடித்தல் போன்ற காரணங்களைக் கழித்த பிறகும் அந்த வேற்றுமை மறையவில்லை. 1985-இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வில் ஆணும் பெண்ணுமாக 10,308 பேர் சேர்க்கப்பட்டனர். வேலையில் முடிவெடுக்கும் இடம் குறைவாக உள்ளவர்களுக்கு இருதய நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று அதிலிருந்து 1997-இல் எழுதினார்கள்.

அமெரிக்க அறிஞர் ராபர்ட் காரசெக் 1979-இல் இதைச் சுருக்கமாக விளக்கினார். பளு மட்டும் ஆளை அவ்வளவாக வாட்டுவதில்லை. பளுவும் அதிகம், அதைத் தாங்கும் வழியைத் தீர்மானிக்கும் உரிமையும் இல்லை என்ற நிலைதான் மனிதனைச் சோர்ந்து போக வைக்கிறது. அடுத்து என்ன வருமோ என்று உடம்பு ஓயாமல் விறைத்து நிற்கிறது. அந்த விறைப்பே நாளடைவில் நோயாகிறது.

‘சொந்தத் தொழில் செய்தால் தீர்ந்தது’ என்று எண்ணிவிடவும் கூடாது. மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டு போகும் தம்பிகளைப் பாருங்கள். முதலாளி என்று யாரும் எதிரில் இல்லை. ஆனால் அடுத்த ஆர்டர் எது, அதற்கு எவ்வளவு என்பதைக் கைப்பேசி சொல்கிறது. கங்காணி இப்போது சட்டைப் பைக்குள் வந்துவிட்டார்!

அக்காள் மகளின் வரிசைக்குச் சென்ற ஆண்டு ஒரு புதிய மேற்பார்வையாளர் வந்தார். யார் எந்த இடத்தில் நிற்பது, யார் எப்போது ஓய்வுக்குப் போவது என்பதை அந்தப் பெண்களே பேசி வைத்துக்கொள்ள விட்டார். கூடுதல் நேர வேலையை இரண்டு நாள் முன்பே சொன்னார். வேலையின் அளவு குறையவில்லை, சம்பளமும் கூடவில்லை. ஆனால் அவள் மறுபடி தூங்குகிறாள். மருந்து நிற்கவில்லை, முகம் தெளிந்திருக்கிறது.

எல்லாருக்கும் நல்ல மேற்பார்வையாளர் வாய்ப்பார் என்று காத்திருக்க முடியாது. கேட்டுப் பெறவும் வழி உண்டு. 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தருமாறு ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாள்களுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். விண்ணப்பித்தாலே கிடைத்துவிடும் என்பதில்லை. ஆயினும் கேட்கும் உரிமை நம்முடையது. தனியாகக் கேட்க அஞ்சுவோருக்குச் சங்கம் துணை. மின்னணுத் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைக்க 1988-இல்தான் வழி திறந்தது, அதுவும் அந்தந்தத் தொழிற்சாலைக்குள் மட்டும். வட்டாரச் சங்கங்கள் அமைய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அப்படி வந்ததை வீணாக்கலாமா?

வீட்டையும் மறக்க வேண்டாம். பன்னிரண்டு மணி நேரம் பிறர் சொற்படி நின்றுவிட்டு வரும் மகளுக்கோ மருமகளுக்கோ வாசலிலேயே அடுத்த கட்டளை காத்திருக்கக் கூடாது. குளிப்பதா, சற்றுப் படுப்பதா, சமைப்பதா என்பதை அவளே முடிவு செய்யட்டும். தாய்மார்களே, அதற்குச் சட்டமும் வேண்டாம், சங்கமும் வேண்டாம். இன்று மாலையே நீங்கள் கொடுக்கலாம்.