குமாஸ்தாக்களின் கையெழுத்து

ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் எல்லோருக்கும் ஓர் ஐந்து மார்க் விடை மனப்பாடம். 1453இல் துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்தார்கள், கிரேக்கப் பண்டிதர்கள் சுவடிகளைச் சுருட்டிக்கொண்டு இத்தாலிக்கு ஓடிவந்தார்கள், மறுமலர்ச்சி பிறந்தது. நோட்ஸ் போடுகிறவர்களுக்கு ஒரு வருஷம் வேண்டும், ஒரு போர் வேண்டும், ஓடிவருவதற்குச் சிலர் வேண்டும். கோட்டை விழுந்ததும் பண்டிதர் சிலர் வந்ததும் உண்மைதான். தொந்தரவு ‘பிறந்தது’ என்ற வார்த்தையில் இருக்கிறது.

பெட்ரார்க் வெரோனாவில் சிஸெரோ தன் நண்பன் அட்டிகஸுக்கு எழுதிய கடிதங்களைக் கண்டெடுத்தது 1345இல். மானுவேல் கிரிஸொலோராஸ் ஃப்ளாரன்ஸுக்கு வந்து கிரேக்கம் சொல்லித்தர ஆரம்பித்தது 1397இல். துருக்கியருக்குப் பயந்து ஓடிவரவில்லை, நகரத்தின் சான்சலரான கொலூச்சியோ சலுத்தாத்தியின் முயற்சியால் சம்பளம் பேசி அழைக்கப்பட்டு வந்தார். நான் இங்கே முக்கியமாகப் பேச நினைக்கும் பொஜ்ஜோ பிராச்சொலினிக்கு 1453இல் வயது 73. சுவடி தேடி அலைந்த காலமெல்லாம் போய், அந்த வருஷம்தான் அவர் ஃப்ளாரன்ஸின் சான்சலராகப் பதவி ஏற்றார். பரீட்சை விடைப்படி எல்லாம் தொடங்க வேண்டிய வருஷம் அது.

‘மறுமலர்ச்சி’ என்ற தமிழ்ச் சொல் மீதும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கேட்டவுடன் ஏதோ பூ தானாகப் பூத்துவிட்டது போன்ற பாவனை. தமிழில் நாம் இந்தச் சொல்லைப் பத்திரிகைக்கும், கட்சிக்கும், நாலு கவிதை எழுதிய நண்பருக்கும் தாராளமாக வழங்கி வந்திருக்கிறோம். ஃப்ளாரன்ஸில் நடந்ததைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் பூ எதுவும் கண்ணில் படாது. இறகுப் பேனாவை வைத்துக்கொண்டு முதுகு வலிக்கப் படி எடுக்கும் சில ஆட்கள்தான் தெரிகிறார்கள். அவர்களில் பலர் உத்தியோகஸ்தர்கள். சலுத்தாத்தியும் அவருக்குப் பின் வந்த லியனார்டோ புரூனியும் நகரத்தின் கடிதப் போக்குவரத்தைக் கவனித்தவர்கள். பொஜ்ஜோ போப்பின் அலுவலகத்தில் எழுத்தர். இளவயதில் லுக்ரீஷியஸின் நெடுங்கவிதை முழுவதையும் தன் கையால் படி எடுத்த மாக்கியவெல்லி, 1498இல் போய்ச் சேர்ந்ததும் ஒரு செயலகத்தில்தான். பகலில் ஆபீஸ் கடிதம், ராத்திரியில் சிஸெரோ. வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்து பிழைக்கிற எனக்கு இந்த ஆட்களிடம் ஓர் ஒட்டுதல் ஏற்படுவதில் ஆச்சரியமில்லை. அந்த ஒட்டுதலைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் வைத்துக்கொண்டிருக்கிறேன். காரணம் பின்னால் வரும்.

எங்கள் கிளையில் பேரேடுகள் கணினிக்குப் போய் வெகுகாலமாகிறது. பழையவை பெட்டக அறைக்குப் பக்கத்து இருட்டறையில் அடுக்கிக் கிடக்கின்றன. ஒரு கணக்கைத் தேடிப் போனபோது, நான் பிறப்பதற்கு முன்னால் யாரோ எழுதிய பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எத்தனை நல்ல கையெழுத்து! எழுதியவர் பெயர் எங்கேயும் இல்லை, ஓரத்தில் ஒரு சுருக்கொப்பத்தைத் தவிர. எழுத்தின் வடிவத்துக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது என்பதில் எனக்கு அப்போதுதான் அக்கறை வந்தது.

பொஜ்ஜோ 1400ஐ ஒட்டிய வருஷங்களில் ஓர் எழுத்துமுறையைப் பழகினார். அன்று வழக்கிலிருந்த நெருக்கமான, கூர்கூரான கோதிக் எழுத்தை விட்டுவிட்டு, உருண்டையாக, இடைவெளியோடு, கண்ணுக்கு இதமாக எழுதினார். அந்த வட்டத்தினர் அதைப் ‘பழைய எழுத்து’ என்றார்கள். ஆனால் அவர்கள் முன்மாதிரியாக வைத்துக்கொண்ட சுவடிகள் ரோமானியர் காலத்தவை அல்ல. சார்லமேன் காலத்திலும் அதற்குப் பின்னும் மடாலயத் துறவிகள் எழுதியவை. எந்த நூற்றாண்டுகளை இருட்டு என்று இவர்கள் தள்ளினார்களோ அந்த நூற்றாண்டுகளின் கையெழுத்தைத்தான் பழமை என்று கொண்டாடினார்கள். நண்பர் நிக்கொலோ நிக்கொலி அதையே சாய்த்து, வேகமாக ஓடும்படி செய்தார். பொஜ்ஜோவின் வழி ரோமன் அச்செழுத்தாயிற்று. நிக்கொலியின் வழி, 1501இல் வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ் வெர்ஜிலை அச்சிட்டபோது, சாய்வெழுத்தாயிற்று. இன்று ஆங்கிலப் புத்தகம் எதைத் திறந்தாலும் நம் முன் நிற்பது இரண்டு நண்பர்களின் கையெழுத்துத்தான். துறவிகளுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை.

இனி என்னைத் தொந்தரவு செய்யும் விஷயத்துக்கு வருகிறேன்.

1414இல் கான்ஸ்டன்ஸ் நகரில் திருச்சபையின் மாமன்றம் கூடியது. ஒரே சமயத்தில் மூன்று போப்புகள் உரிமை கொண்டாடிய காலம். பொஜ்ஜோ தன் எஜமானரான இருபத்துமூன்றாம் ஜானோடு அங்கே போனார். 1415இல் ஜான் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். பின்னாளில் அவரை முறையான போப்புகளின் வரிசையிலேயே சேர்க்கவில்லை. அந்தப் பெயரும் எண்ணும் 1958இல் வேறொருவருக்குப் போயிற்று. எஜமானர் போனதும் குமாஸ்தாவுக்கு வேலை போயிற்று. வேலை போனவர் புத்தகம் தேடக் கிளம்பினார்.

அதே மாமன்றம் 1415 ஜூலையில் யான் ஹஸ்ஸை எரித்தது. அடுத்த வருஷம், 1416 மே 30ஆம் தேதி, அவருடைய சகாவான பிராகு நகரத்து ஜெரோமையும் எரித்தது. பொஜ்ஜோ கூட்டத்தில் நின்று பார்த்தார். பார்த்ததைப் புரூனிக்கு ஒரு நீண்ட கடிதமாக எழுதினார். மாதக்கணக்கில் இருட்டுச் சிறையில் கிடந்த மனிதன் நினைவிலிருந்தே சான்றுகளை அடுக்கி வாதாடியதை, குரலின் ஏற்ற இறக்கத்தை, குறுக்கே கூச்சலிட்டவர்களைச் சமாளித்த விதத்தை ஒரு தேர்ந்த ரசிகனைப் போல விவரிக்கிறார். பழைய காலத்துப் பேச்சாளர்களுக்கு இவ்வளவு நெருக்கமாக வந்த ஒருவனைத் தான் கண்டதில்லை என்பது அவர் கருத்து. தீ வைப்பவன் ஜெரோமுக்குத் தெரியாமல் பின்பக்கம் போனபோது, முன்னால் வந்து கண்ணெதிரே மூட்டு, பயந்திருந்தால் இங்கே வந்தே இருக்க மாட்டேன் என்று அவர் சொன்னதையும் எழுதுகிறார். சாக்ரட்டீஸ் நினைவுக்கு வருகிறார். குற்றச்சாட்டு நியாயமா என்ற இடம் வரும்போது மட்டும், அதைத் தீர்மானிப்பது தன் வேலையல்ல என்று ஒதுங்கிக்கொள்கிறார்.

புரூனியின் பதில் இன்னும் சுவாரசியமானது. அந்த மனிதனை அளவுக்கு மீறிப் பாராட்டுகிறாய், இப்படிப்பட்ட விஷயங்களை ஜாக்கிரதையாக எழுது என்கிற புத்திமதி. சகபாடி குமாஸ்தாவின் புத்திமதி. எந்த ஆபீஸிலும் கேட்கலாம்.

அந்தக் கோடையிலேயே பொஜ்ஜோ இரண்டு நண்பர்களோடு கான்ஸ்டன்ஸிலிருந்து இருபது மைல் போல உள்ள செயின்ட் கால் மடத்துக்குப் போனார். கோபுரத்தின் அடியில், தூசியும் பூஞ்சையுமாய், குவிண்டிலியனின் பேச்சுக்கலை நூல் முழுமையாக அகப்பட்டது. அதுவரை இத்தாலியர் கையிலிருந்தது சிதைந்த பிரதி. பொஜ்ஜோ தன் கையாலேயே படி எடுத்தார். டிசம்பரில் குவாரினோவுக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் புத்தகத்தை ஒரு கைதியாகவே வர்ணிக்கிறார்: அழுக்கு ஆடை, சடை பிடித்த தாடி, அநியாயத் தீர்ப்பிலிருந்து காப்பாற்றச் சொல்லி நீளும் கை. மரண தண்டனை பெற்றவர்களைக்கூடப் போட மாட்டார்கள் அப்படிப்பட்ட இடத்தில் என்கிறார்.

இரண்டு கடிதத்துக்கும் நடுவே ஏழு மாதம்கூட இல்லை. இருட்டறை, சிறைவாசம், தீர்ப்பு எல்லாம் இரண்டிலும் உண்டு. புத்தகத்துக்கு நேர்ந்தது அநியாயம் என்று சொல்ல அவருக்குத் தயக்கமே இல்லை.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பில் இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர், “இதில் என்ன சார் இருக்கு? அவன் இடத்துல நீங்க இருந்தா மட்டும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. வாய் திறந்தால் அடுத்த விறகுக்கட்டு இவருக்குத்தான். ஆனால் என்னைப் பிடித்து ஆட்டுவது பொஜ்ஜோவின் பயம் இல்லை. அவருடைய ரசனை. எரிகிற மனிதனிடம் நடையழகைக் கேட்கக்கூடிய காது இருந்திருக்கிறது. அந்தக் காதைத்தான் நவீன விமர்சகன் சுவீகரித்திருக்கிறான். யாரோ சிறையிலிருந்து எழுதிய கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு படிமம் சரியாக விழுந்திருக்கிறதா என்று இந்தப் பக்கங்களில் நாம் விவாதித்ததில்லையா? அதே சமயம் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜெரோமின் கடைசி நாட்களைப் பற்றி நேரில் பார்த்தவர்கள் எழுதியவற்றில், அவருடைய கட்சியைச் சேராத ஒருவன் எழுதி, ஐரோப்பா முழுக்கப் படிக்கப்பட்டது இந்தக் கடிதம்தான். கொள்கைக்காக எழுதியிருந்தால் அந்தக் குரலின் ஏற்ற இறக்கம் அதில் இருந்திருக்குமா என்பது சந்தேகம். இந்த இரண்டையும் நான் கூட்டிப் பார்த்தாயிற்று. கணக்கு நேராகவில்லை.

நிக்கொலியைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. ஏறக்குறைய எதுவுமே எழுதாத ஆள். தன் லத்தீன் தனக்கே பிடிக்காததால் எழுதவில்லை என்பார்கள். மற்றவர்கள் எழுதியதும் பிடிக்காது, அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். இப்படி ஒருவர் ஒவ்வொரு சிறுபத்திரிகை வட்டத்திலும் இருப்பார், பெயர் வேண்டாம். சொத்தையெல்லாம் விற்று ஏறக்குறைய 800 சுவடிகள் சேர்த்தார். காசு தீர்ந்ததும் மெடிச்சி வங்கி கொடுத்தது. கிரிஸொலோராஸ் வந்த அதே 1397இல் ஜியோவன்னி தி பிச்சி ஃப்ளாரன்ஸில் ஆரம்பித்த வங்கி அது. மகன் கொசிமோ காலத்தில், நிக்கொலி கேட்டால் கொடுத்துத் தன் கணக்கில் எழுதச் சொல்லி உத்தரவு இருந்ததாகப் புத்தக வியாபாரி வெஸ்பாசியானோ எழுதிவைத்திருக்கிறார். ஈடு இல்லை, தவணை இல்லை. எங்கள் இன்ஸ்பெக்‌ஷனில் இதற்கு ஒரே பெயர்தான், வாராக்கடன். 1437இல் நிக்கொலி கடனாளியாகவே செத்தார். புத்தகங்கள் பொதுவில் படிக்கக் கிடைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கொசிமோ கடனை ஏற்றுக்கொண்டு, புத்தகங்களில் ஒரு பெரும் பகுதியைச் சான் மார்க்கோ மடத்தில் வைத்தார். 1444இல் திறந்தது அந்த நூலகம். வட்டி வாங்குவது பாவம் என்ற காலத்தில் நாணயமாற்றுக் கணக்குக்குள் வட்டியை ஒளித்துச் சம்பாதித்த பணம். அதன் உறுத்தலும் அந்தக் கட்டடத்தில் இருக்கிறது.

1417இல் பொஜ்ஜோவுக்கு லுக்ரீஷியஸ் கிடைத்தது. தனக்காக எழுதிவாங்கிய பிரதியை நிக்கொலிக்கு அனுப்பிவைத்தார். அது திரும்பி வரவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டுக் கெஞ்சினார், கோபித்தார், கேலி செய்தார். உ.வே.சா.வின் சரித்திரத்தைப் படித்தவர்களுக்கு ஏட்டுக்காக ஒரு மனிதன் படும் பாடு தெரியும். ஆனால் அங்கே கெஞ்சல் பெரும்பாலும் ஏடு வைத்திருந்த அந்நியரிடம், இங்கே உயிர் நண்பனிடம். அந்தக் கவிதையின் இன்னும் பழைய பிரதிகள், ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, வேறு இடங்களில் பிழைத்திருந்து இன்று லைடனில் இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். பொஜ்ஜோ இல்லாவிட்டால் லுக்ரீஷியஸ் அழிந்திருப்பார் என்பது மிகை.

பொஜ்ஜோவின் அந்தப் பிரதி தொலைந்துவிட்டது. நிக்கொலி அதைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டு தன் சாய்வெழுத்தில் எடுத்த படி, ஃப்ளாரன்ஸின் லாரென்ஸிய நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது.