அரசுப் பணி ஓர் அமானிதம்

ஆள்வோர் மாறுவர், ஆட்சிகள் மாறும். ஆனால் பிறப்பைப் பதிவு செய்வோரும், நிலத்தை அளப்போரும், அரசுப் பள்ளியில் அகரம் கற்பிப்போரும், மருத்துவமனையில் இரவெல்லாம் விழித்திருப்போரும் தத்தம் இடத்தில் நிலைத்திருக்க வேண்டும். அந்த நிலைபேற்றுக்கே அரசுப் பணி என்று பெயர். அப்பணியின் விதிகள் மாறப்போகின்றன என்றோர் அறிவிப்பு வெளியானால், இலட்சக்கணக்கான குடும்பங்கள் கலங்குகின்றன. அக்கலக்கத்தைச் சுயநலம் என்று ஒதுக்குவோர் உளர். அதனை முழு நியாயம் என்று கொள்வோரும் உளர். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று சிந்திப்பது நம் கடமை எனக் கருதுகிறோம்.

இப்பொருள் நமக்குப் புதிதன்று. அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் கலீஃபாவாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பின்னரும், வழக்கம்போலத் துணி மூட்டையைச் சுமந்துகொண்டு கடைவீதிக்குப் புறப்பட்டார்கள். வழியில் கண்ட தோழர்கள், மக்களின் காரியம் அவர்கள் தோள்மீது இருப்பதை நினைவூட்டினர். குடும்பத்துக்கு உணவு வேண்டுமே என்பது அவர்களுடைய மறுமொழியாயிற்று. அதன் பிறகே பைத்துல்மாலிலிருந்து அவர்களுக்கு ஊதியம் நிர்ணயிக்கப்பட்டது. இதில் அடங்கியுள்ள நெறி ஆழமானது. பொதுப்பணியில் ஒருவரை முழுமையாக ஈடுபடுத்தும் சமூகம், அவருடைய வீட்டு அடுப்புக்குப் பொறுப்பேற்றுக்கொள்கிறது. வயிற்றுக் கவலை நீங்கிய கைதான் வளையாமல் எழுதும்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஸக்காத் வசூலித்து வந்த ஓர் அலுவலர், ஒரு பகுதியை ஒப்படைத்துவிட்டு, எஞ்சியது தமக்கு அன்பளிப்பாக வந்தது என்றார். நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் பெற்றோர் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று மக்கள் முன்னிலையில் வினவினார்கள். உமர் (ரலி) அவர்கள் ஆளுநர்களை நியமிக்கும்போது அவர்களுடைய சொத்துகளைக் கணக்கெடுத்து வைத்தார்கள். 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகளைப் புரட்டினால், அன்பளிப்புக்குக் கட்டுப்பாடும் சொத்துக் கணக்கு ஒப்படைக்கும் கடமையும் அங்கே இருக்கக் காண்கிறோம். ஆகவே, விதி என்பது ஊழியருக்கு விலங்கன்று. ஒருபுறம் அது அவரைக் கட்டுகிறது, மறுபுறம் காக்கிறது. இரண்டு தட்டும் சமமாக நின்றால்தான் தராசு நேராக நிற்கும்.

காக்கும் தட்டின் பெரும் எடைக்கல் நம் அரசியல் சட்டத்தின் 311ஆம் பிரிவு. குற்றச்சாட்டு இன்னதென்று தெரிவித்து, விசாரணை நடத்தி, பதில் கூற வாய்ப்பளித்த பின்னரே ஓர் அரசு ஊழியரைப் பணியிலிருந்து நீக்கலாம் என்பது அதன் சாரம். சில விதிவிலக்குகள் உண்டு. எனினும் பொதுநெறி இதுவே. இந்த ஏற்பாடு ஊழியரின் நலத்துக்கு மட்டும் ஆனதன்று. செல்வாக்குள்ளவர் ஒருவர் தவறான பட்டா கேட்கும்போது முடியாது என்று சொல்லும் துணிவை எளிய எழுத்தருக்குத் தருவது இதுவே. அதன் பயனை அடைவோர், எந்தச் செல்வாக்கும் இல்லாத ஏழை மக்கள்.

ஆனால் அந்தக் காவலும் சில வேளைகளில் மெலிந்துபோவதுண்டு. 2003ஆம் ஆண்டு ஜூலையில், ஓய்வூதியம் முதலிய சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்துத் தமிழக அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தனர். ஏறத்தாழ 1 லட்சத்து 70 ஆயிரம் பேர் ஒரே வீச்சில் நீக்கப்பட்டனர். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று 2003 ஆகஸ்டு 6ஆம் நாள் தீர்ப்பு வந்தது. எனினும் அவ்வழக்கின் போக்கில் மிகப் பெரும்பாலோர் பணிக்குத் திரும்ப வழி பிறந்தது. வேலைநிறுத்தத்தால் மக்கள் பட்ட இன்னலை நாம் மறுக்கவில்லை. ஆனால் மாதச் சம்பளத்தையே நம்பிய வீடுகளில், பள்ளி திறந்து கட்டணம் கட்டும் பருவத்தில், அந்த வாரங்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கும் கடமையும் நமக்கு உண்டு.

ஓய்வூதியத்தின் கதையும் இத்தகையதே. அது அரசு இரங்கி இடும் கொடையன்று, ஆற்றிய பணிக்குரிய உரிமை என்று 1982 டிசம்பர் 17ஆம் நாள், நகரா என்பார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உரைத்தது. அந்த நாளையே ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகின்றனர். ஆனால் 2003 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தோருக்கும், 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தோருக்கும், படையினர் நீங்கலாக, பங்களிப்பு ஓய்வூதிய முறை வந்தது. ஒரே மேசையில் ஒரே வேலை செய்யும் இருவரில், ஒருவருக்கு முதுமையில் உறுதியான வருவாய். மற்றவருக்குச் சேமிப்பைப் பொறுத்த வருவாய். பல ஆண்டுகள் எழுந்த முறையீட்டின் பயனாக, 25 ஆண்டுகள் பணியாற்றியோருக்குக் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதியை உறுதி செய்யும் திட்டத்தை மத்திய அரசு 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. ஊழியரின் அச்சம் வீண் கூச்சல் அன்று என்பதற்கு இதுவே சான்று.

2022ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான 115ஆம் எண் அரசாணை மற்றோர் எடுத்துக்காட்டு. மனிதவளச் சீர்திருத்தத்துக்கென அமைக்கப்பட்ட குழுவின் ஆய்வு வரம்புக்குள், வெளி முகமைகள் வாயிலாகவும் ஒப்பந்த முறையிலும் பணியாளரை அமர்த்துவதும் இடம்பெற்றிருந்தது. சங்கங்கள் எதிர்த்தன, அரசும் அவ்வாய்வு வரம்புகளை விலக்கிக்கொண்டது. இது நம் சமுதாயம் கூர்ந்து நோக்க வேண்டிய நிகழ்ச்சி. தோலும் துணியும் கடல் கடந்த வாணிபமுமே நம் குடும்பங்கள் பலவற்றின் வழிவழித் தொழில். அரசு அலுவலகங்களில் நம்மவர் தொகை பெரிதாக இருந்ததில்லை. 2007ஆம் ஆண்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு கிடைத்த பின்னர், நம் மக்கள், சிறப்பாக நம் பெண்மக்கள், தேர்வாணையத் தேர்வுகளின் பக்கம் நம்பிக்கையோடு திரும்பியிருக்கின்றனர். முகமை ஒன்று தன் விருப்பப்படி ஆள் எடுத்தால், அங்கே போட்டித் தேர்வும் இல்லை. இட ஒதுக்கீடும் இல்லை. வாசலை நாம் நெருங்கும் வேளையில் வீட்டையே வேறிடத்துக்கு மாற்றிவிட்டால், கையில் உள்ள திறவுகோலால் என்ன பயன்?

இவ்வளவு கூறியபின், மக்களின் மனக்குறையை மறைப்பது நேர்மையாகாது. ஒரு சான்றிதழுக்காக நாள்கணக்கில் நடந்த கதை நம்மில் பெரும்பாலோரிடம் உண்டு. உரிய நேரத்தில் வராத அலுவலர், கையூட்டின்றி நகராத கோப்பு, விதவையின் மனுவை மேசையடியில் உறங்கவிடும் அலட்சியம் ஆகியவை பணிப் பாதுகாப்பின் நிழலிலேயே வளர்கின்றன. வருகையைச் சரிபார்க்கும் பொறி, கலந்தாய்வு வழி இடமாறுதல், மனுவுக்குக் காலக்கெடு போன்ற மாற்றங்களை எதிர்ப்பதற்கு நியாயம் இல்லை. எதிர்த்தால், தம் நியாயமான கோரிக்கைக்கு மக்கள் தரும் ஆதரவையும் ஊழியர் இழப்பர். அமானிதத்தை ஏற்றவர் அதற்குக் கணக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

ஆகவே, மாற்றம் வேண்டுமா வேண்டாமா என்பது கேள்வியன்று. எத்தகைய மாற்றம், எம்முறையில் என்பதே கேள்வி. ஊழியரின் உழைப்பையும் நேர்மையையும் கூட்டும் விதி வரவேற்கத்தக்கது. அவருடைய முதுமையையும் முதுகெலும்பையும் பறிக்கும் விதி, நாளடைவில் மக்களையே வருத்தும். பணியில் சேர்ந்த நாளில் தந்த வாக்கை இடைவழியில் திருத்துவது ஒப்பந்த மீறலுக்கு ஒப்பாகும். எந்த விதியும் முடிவாவதற்கு முன், அதனால் பாதிக்கப்படுவோரை அழைத்துக் கேட்பதே மஷூரா என்னும் நம் மார்க்க நெறி. மக்களாட்சியின் நெறியும் அதுவே.

நம் இளைஞர் இப்பணிகளை நாடிச் செல்லட்டும். செல்லும்போது உரிமையின் ஏட்டை ஒரு கையிலும் கடமையின் ஏட்டை மறுகையிலும் ஏந்திச் செல்லட்டும். அவர்கள் இடும் ஒவ்வொரு கையெழுத்தும் மறுமையில் சாட்சி கூறும். அந்தச் சாட்சியம் அவர்களுக்குச் சாதகமாக அமைய வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன்.