நம் அருகே ஓடும் பாலாறு

பாலாறு எங்கே பிறக்கிறது என்று வினவினால், தங்கவயலில் வளரும் நம் பிள்ளைகள் பலர் வேலூரைச் சொல்வர். அந்நதி தோன்றுவதோ நந்தி மலைப் பகுதியில். நமக்கு அண்மையிலுள்ள பேத்தமங்கலம் வழியே ஓடி, கருநாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழகத்தில் 222 கிலோமீட்டர் கடந்து, வாயலூரருகே வங்கக்கடலை அடைகிறது.

நம் முன்னோர் பலர் வட ஆர்க்காட்டிலிருந்து அந்நதியின் போக்கிற்கு எதிராகச் சுரங்கத்தை நாடி வந்தனர். பேத்தமங்கல ஏரியில் தேங்கிய பாலாற்று நீரே இங்கும் அவர்தம் தாகம் தீர்த்தது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று நம்மவர் பலர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூர் சென்று பிழைக்கின்றனர். அவர்களுக்குப் பயணச்சீட்டு வழங்குவது நம் பணி.

"அப்பா, நம் ஊர் எது?" என்று ஒருநாள் மகன் கேட்டான். நாளெல்லாம் ஊர்ப்பெயர்களையே கேட்டுப் பழகிய நமக்கு விடை எழவில்லை. அவனைப் பேத்தமங்கல ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றோம். "இது நிறைந்து வழிந்தால், உன் கொள்ளுத்தாத்தா பிறந்த ஆம்பூர்ப் பக்கம் போகும்" என்றோம்.

"எப்போது நிறையும்?" என்றான்.

நிறையாத ஆண்டுகளே மிகுதி. ஆயினும் அன்பர்களே, உங்கள் பிள்ளைகளையும் ஒருமுறை அவ்வேரிக்கரைக்கு அழைத்துச் சென்று காட்டுங்கள்.