பிளக் பொருந்தினால் போதுமா?

பெட்ரோல் பங்க்கில் யாரும் "இது எந்தக் கம்பெனி வண்டி?" என்று கேட்டுவிட்டு பெட்ரோல் போடுவதில்லை. ஆனால் மின்சாரக் கார் வந்தபோது முதல் கேள்வியே அதுதான்!

அமெரிக்காவில் டெஸ்லா 2012-ல் சூப்பர்சார்ஜர் நிலையங்களைத் திறந்தது. அதன் பிளக் டெஸ்லா கார்களுக்கு மட்டும். நிஸான் லீஃப் காருக்கு ஜப்பானின் சாடெமோ, மற்ற பல கார்களுக்கு சிசிஎஸ். பக்கத்திலேயே நிலையம் காலியாக இருந்தாலும், பிளக் பொருந்தாதவர் பாட்டரியைப் பார்த்துக்கொண்டே அடுத்த ஊருக்குப் போகவேண்டியதுதான்.

ஐரோப்பா முன்பே விழித்துக்கொண்டது. பொது வேக சார்ஜர்களில் சிசிஎஸ் இருக்கவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2014-லேயே விதி செய்தது. 2021 நவம்பரில் நெதர்லாந்தில் 10 நிலையங்களை டெஸ்லா மற்றவர்களுக்கும் திறந்துவிட்டுப் பார்த்தது. அமெரிக்காவில் 2021-ல் நெடுஞ்சாலை சார்ஜர்களுக்கு அரசு 500 கோடி டாலர் ஒதுக்கியது. ஒரே கம்பெனி கார்களுக்கான நிலையத்துக்கு அந்தப் பணம் கிடையாது. 2022 நவம்பரில் டெஸ்லா தன் பிளக் வடிவமைப்பை வெளியிட்டது. 2023-ல் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அதை ஏற்றுக்கொண்டன, மற்றவர்களும் வரிசையாக வந்தார்கள். 2024 பிப்ரவரியில் ஃபோர்டு கார்கள் அடாப்டர் மாட்டி அங்கே சார்ஜ் ஏற்றத் தொடங்கின.

அப்பாடா, முடிந்தது என்று நினைத்தால்... இல்லை. டெஸ்லா காரில் சார்ஜ் ஏற்றும் வாய் பின்பக்கம் இடதுபுறம். அதற்கு அளவெடுத்த மாதிரி பழைய நிலையங்களின் கேபிள் குட்டை. ஃபோர்டு மாக்-ஈ காரிலோ அது முன்சக்கரத்துக்கு மேலே. கேபிள் எட்டவேண்டுமானால் பக்கத்து இடத்தையும் அடைத்து நிற்கவேண்டும். ஒரு காருக்கு இரண்டு இடம். இன்னொன்று, ஹூண்டாய் அயோனிக் 5 போன்ற 800 வோல்ட் வகைக் கார்கள், வோல்டேஜ் குறைவான அந்த நிலையங்களில் தங்கள் முழு வேகத்தில் சார்ஜ் ஆவதில்லை. அதனால் கூடுதல் நேரம் நிற்கும்.

இந்த வசதியை நம்பியே டெஸ்லா வாங்கியவர் வரிசையில் நின்று முணுமுணுத்தால், அதிலும் நியாயம் இருக்கிறது. அதற்காகக் கதவை மறுபடி பூட்டிவிட முடியுமா? புதிய நிலையங்களில் கேபிளை நீளமாக்கியிருக்கிறார்கள். சரியான வழி அதுதான்.

யோசித்துப் பாருங்கள், பகிர்வது என்பது அடாப்டரோடு முடிவதில்லை. கேபிள் நீளம், வண்டி நிற்கும் இடம் எல்லாமே யாரோ ஒருவருக்காக அளந்து செய்தவை. யாருக்காக என்பதை முதல் நாளே "எல்லோருக்கும்" என்று தீர்மானித்திருந்தால், இத்தனை வருடச் சண்டை மிச்சமாகியிருக்கும்.