ஏதென்ஸ் ஃப்ளாட்டில் ஓர் அடுப்படித் தெய்வம்!

இரவு எட்டரை மணி. ஏதென்ஸ் நகரத்தின் கிப்செலி பகுதியில், ஒரு பழைய அப்பார்ட்மென்ட்டின் மூன்றாவது மாடி. பருப்பு சூப் கொதித்து இறங்குகிறது. அவள் முதல் கரண்டியைத் தன் தட்டில் ஊற்றவில்லை, அம்மாவின் தட்டிலும் ஊற்றவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில், உப்பு ஜாடிக்குப் பின்னால் இருக்கும் சின்ன மண் கிண்ணத்தில் ஊற்றுகிறாள். மேலே இரண்டு சொட்டு ஆலிவ் எண்ணெய். உதடுகள் மட்டும் அசைகின்றன.

"யாரோட பேசிட்டிருக்க?" ஹாலிலிருந்து அம்மாவின் குரல்.

"யாரோடயும் இல்லம்மா. சூப் ரொம்ப சூடா இருக்கு, ஆற வைக்கிறேன்."

இந்தப் பொய்க்கு அப்போது ஒரு மாதம்தான் வயது. அம்மா கிராமத்து வீட்டில் கால் இடறி விழுந்து, இனி தனியாக இருக்க முடியாது என்றான பிறகு மகளோடு வந்து தங்கிய மாதம் அது. அதற்கு முன் நான்கு வருடங்கள் அவள் அந்த அடுப்படியில் சத்தமாகவே பேசிக்கொண்டிருந்தாள். பேசியது ஹெஸ்டியாவிடம்.

கிரேக்கப் புராணம் என்றால் நமக்கு இடி மின்னலோடு ஜீயஸ், திரிசூலத்தோடு பொசைடன், அவர்களின் காதல்கள், பழிவாங்கல்கள்தான் ஞாபகத்துக்கு வரும். எந்த மெகா சீரியலும் தோற்றுப்போகும் குடும்பம் அது. அந்தக் குடும்பத்தின் மூத்த பெண்தான் ஹெஸ்டியா. குரோனோஸ், ரியா தம்பதியின் முதல் குழந்தை. பிள்ளைகளால் தன் பதவி போய்விடும் என்று பயந்த அப்பா, பிறக்கப் பிறக்க ஒவ்வொரு குழந்தையாக விழுங்கினார். முதலில் உள்ளே போனவள் ஹெஸ்டியா. பின்னால் ஜீயஸ் எல்லோரையும் வெளியே கக்க வைத்தபோது, கடைசியாக வந்தவளும் அவள்தான். அதனால் மூத்தவளும் அவளே, இளையவளும் அவளே.

பொசைடனும் அப்பல்லோவும் அவளை மணக்கக் கேட்டார்கள். ஜீயஸின் தலையைத் தொட்டுச் சத்தியம் செய்து, கடைசிவரை கன்னியாகவே இருப்பேன் என்றுவிட்டாள். கல்யாணத்துக்குப் பதிலாக ஜீயஸ் அவளுக்குக் கொடுத்தது வீட்டின் நடுவிடத்தை. பழைய கிரேக்க வீட்டின் நடுவே எரியும் அடுப்பு அவள். விருந்தில் முதல் துளி மதுவும் அவளுக்கு, கடைசித் துளியும் அவளுக்கு. 'ஹெஸ்டியாவிலிருந்து ஆரம்பி' என்பது அந்தக் காலத்துப் பழமொழி.

அவ்வளவுதான் அவள் கதை. போர் கிடையாது, சாபம் கிடையாது, சாகசம் கிடையாது. சிலைகள்கூட அபூர்வம். ஹெர்மியோனி என்ற ஊரில் அவளுக்கு இருந்த கோயிலுக்குள் போன பயணி பவுசானியாஸ், அங்கே சிலையே இல்லை, ஒரு பலிபீடம் மட்டும்தான் இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார். ஹெஸ்டியா என்ற சொல்லுக்கே அடுப்பு என்றுதான் பொருள். பிறகு எதற்குத் தனியாகச் சிலை?

இந்தக் கதை இல்லாத தெய்வத்திடம் அவள் வந்து சேர்ந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. விவாகரத்துக்குப் பிறகு வாடகைக்கு எடுத்த ஃப்ளாட் அது. ஆறு மாதம் வரை பெட்டிகளைக்கூடப் பிரிக்கவில்லை. சாப்பாடு, வேலை முடிந்து வரும் வழியில் வாங்கும் பார்சல்தான். ஒருநாள் இரவு கரன்ட் போனது. ஒரு மெழுகுவத்தியை அடுப்பு மேடையில் வைத்து, அந்த வெளிச்சத்தில் முட்டையும் பிரெட்டும் செய்தாள். கரன்ட் வந்த பிறகும் மெழுகுவத்தியை அணைக்க மனம் வரவில்லை. மறுநாளும் ஏற்றினாள். பெயர் அப்புறம்தான் வந்தது.

அவளைப் போன்றவர்கள் கிரீஸில் குறைவான எண்ணிக்கையில்தான் இருக்கிறார்கள். கி.பி. 4-ம் நூற்றாண்டின் இறுதியில், பேரரசர் தியோடோசியஸ் காலத்தில் பழைய வழிபாடுகள் தடை செய்யப்பட்டன. ஹெஸ்டியாவின் ரோமானியச் சகோதரி எனச் சொல்லத்தக்க வெஸ்டாவின் அணையாத் தீயும் அப்போதுதான் அணைந்தது. 1,600 வருடங்கள் கழித்து, 1997-ல் பழைய மதத்தைப் பின்பற்றுகிறவர்கள் ஒரு தேசிய அமைப்பைத் தொடங்கினார்கள். 2017-ல் கிரேக்க அரசு அந்த மதத்தை அங்கீகரித்தது. காகிதத்தில் அங்கீகாரம் வந்துவிட்டது. வீட்டில் வருவது வேறு விஷயம். நாட்டில் பெரும்பாலானோர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். ஜீயஸ் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் பதறுவார்கள்.

அம்மா பதறுகிற ரகம். கிராமத்திலிருந்து வரும்போது அவர் கையோடு கொண்டுவந்தது மூன்று: மருந்துப் பை, மாதா படம், அதன் முன்னால் எரியும் கண்டிலி. கண்டிலி என்பது சின்னக் கண்ணாடிக் கிண்ணம். பாதி தண்ணீர், மேலே ஆலிவ் எண்ணெய், அதில் மிதக்கும் தக்கையில் ஒரு திரி. படுக்கையறையின் கிழக்கு மூலையில் அதை வைத்தாகிவிட்டது. ஆக, 60 சதுர மீட்டர் வீட்டில் இரண்டு தீ. ஒன்றுக்கு மற்றது தெரியாது. அல்லது அப்படித்தான் மகள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பரில் ஒருநாள், அம்மா தன் பாட்டியைப் பற்றிச் சொன்னார். வடக்கு கிரீஸில் மலையோரக் கிராமம். கிறிஸ்துமஸ் முன்னிரவில், தாத்தா தேர்ந்தெடுத்து வைத்திருந்த பெரிய மரக்கட்டையை அடுப்பில் வைப்பார்கள். பாட்டி அதன்மேல் வாதுமையும் வால்நட்டும் தூவுவார். கட்டை 12 நாள் அணையாமல் எரிய வேண்டும். அணைந்தால் புகைபோக்கி வழியாகக் கல்லிகாண்ட்சாரி என்ற குட்டிச்சாத்தான்கள் வீட்டுக்குள் இறங்கிவிடும்.

"அடுப்புக்குப் போய் எதுக்கும்மா பாதாம் போடணும்?"

"எனக்கென்ன தெரியும்? பாட்டி போடுவாங்க. அடுப்பும் வீட்டு ஆள்தானே!"

மகள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். பழைய கிரீஸில் புது மருமகள் வந்தால் அடுப்பருகே உட்கார வைத்து, தலைமேல் பருப்புகளும் உலர்ந்த பழங்களும் சொரிவார்கள். பிறந்த குழந்தையைச் சில நாளிலேயே தூக்கிக்கொண்டு அடுப்பைச் சுற்றி வருவார்கள். அடுப்பு ஏற்றுக்கொண்டால்தான் வீட்டு ஆள். அந்தப் பழக்கம்தான் பாட்டியின் வாதுமையாக மிஞ்சியது என்று அடித்துச் சொல்ல முடியாது. 2,000 வருடத்துக்கு நேர்க்கோடு போடுவது எளிது, நிரூபிப்பது கஷ்டம். அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் அன்றிரவு கிண்ணத்தில் சூப்போடு ஒரு வால்நட்டும் விழுந்தது.

பிரச்னை பிப்ரவரியில் வந்தது.

விடியற்காலை மூன்று மணிக்கு அவளுக்கு விழிப்பு தட்டியது. துணி கருகும் வாடை. ஓடிப்போய்ப் பார்த்தால், அம்மா கண்டிலிக்கு எண்ணெய் விட எழுந்திருக்கிறார். ஒரு முறை விட்டதை மறந்து மறுபடி விட்டிருக்கிறார், அதையும் மறந்து மறுபடி. எண்ணெய் வழிந்து, மேசை விரிப்பு நனைந்து, அதன் ஓரத்தில் தீ ஏறிக்கொண்டிருந்தது. அம்மா பக்கத்திலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயந்ததாகவே தெரியவில்லை. அதுதான் மகளை நடுங்க வைத்தது.

ஈரத் துண்டைப் போட்டு அணைத்தாள். விரிப்பும் சுவரில் ஒரு சாண் பெயின்ட்டும்தான் போயின. டாக்டர் அம்மாவைப் பரிசோதித்துவிட்டு மறதி ஆரம்பித்திருக்கிறது என்றார். வீட்டில் திறந்த தீ எதுவும் வேண்டாம், எதுவுமே வேண்டாம் என்றார்.

எதுவுமே என்றால், உப்பு ஜாடி பக்கத்து மெழுகுவத்தியும்தான்.

கடையில் எலெக்ட்ரிக் கண்டிலி கிடைக்கிறது. சிவப்புக் கண்ணாடிக்குள் நடுங்குகிற ஒரு குட்டி பல்பு. கிரேக்க வீடுகளில் இப்போது சாதாரணம். அம்மாவுக்கு ஒன்று வாங்கினாள். தனக்கு, பேட்டரியில் எரியும் எல்.இ.டி மெழுகுவத்தி. தீ அனுமதிக்காத ஹாஸ்டல் அறைகளில் ஹெஸ்டியாவை வணங்கும் மாணவர்கள் இதைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். அவர்களைப் பற்றிப் படித்தபோது, 'பேட்டரி போட்ட தெய்வமா!' என்று ஒருகாலத்தில் சிரித்தவள் அவள்.

அம்மா ஒரு வாரம் அந்த பல்பைப் பார்க்கவே மறுத்தார். "இது வெளிச்சம். விளக்கு இல்லை" என்றார். மகளால் பதில் சொல்ல முடியவில்லை, அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் எரிந்துகொண்டிருந்த இரண்டு தீயையும் அணைத்தது தன் கை என்பது அவளை அரித்தது. இரவில் இரண்டு சுவிட்சுகளைத் தட்டிவிட்டு, இருட்டில் நின்று, மன்னிப்பு கேட்கலாமா, கேட்டால் யாரிடம் என்று யோசிப்பாள்.

அந்த நாள்களில்தான் பிளாட்டேயா கதையை மறுபடி படித்தாள். கி.மு. 479-ல் பாரசீகப் படையை அந்த ஊரில் தோற்கடித்த பிறகு, அந்நியர் வந்து போனதில் நாட்டின் தீ தீட்டுப்பட்டுவிட்டது என்று டெல்ஃபி குறி சொன்னது. ஊரில் இருந்த எல்லாத் தீயையும் அவர்களே அணைத்தார்கள். யூகிடாஸ் என்பவன் டெல்ஃபிக்கு ஓடி, அங்கிருந்த பொது அடுப்பிலிருந்து புதுத் தீ எடுத்து, அதே நாளில் சூரியன் மறைவதற்குள் திரும்பி வந்தான். போக வர 1,000 ஸ்டேடியா, கிட்டத்தட்ட 180 கிலோமீட்டர். தீயைக் கொடுத்துவிட்டு விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை என்கிறார் புளூடார்க். சிறு வயதில் பள்ளியில் கேட்டபோது ஓட்டக்காரன்தான் அவள் மனதில் நின்றான். இப்போது, வாசலில் குளிர்ந்த அடுப்போடு காத்திருந்த பெண்களைப் பற்றி யோசித்தாள். அவர்கள் தீயை அணைத்தது பக்தி இல்லாததால் அல்ல.

ஏப்ரலில் ஈஸ்டர் வந்தது. முந்தைய நாள் சனிக்கிழமை நள்ளிரவுக்குச் சற்று முன், கிரேக்கத் தேவாலயங்களில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிடுவார்கள். கும்மிருட்டு. பிறகு பாதிரியார் ஒற்றை மெழுகுவத்தியோடு வெளியே வர, அதிலிருந்து ஒருவர், அவரிடமிருந்து இன்னொருவர் என்று சதுக்கமே வெளிச்சமாகும். ஜெருசலேமிலிருந்து விமானத்தில் வரும் தீ அது. அணையாமல் வீட்டுக்குக் கொண்டுபோய், நிலைவாசல் மேல் அதன் புகையால் சிலுவை போட்டு, அந்தத் தீயில் கண்டிலியை ஏற்றுவது வழக்கம்.

அம்மாவால் மூன்று மாடி இறங்க முடியாது. "நீ போய்ட்டு வர்றியா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் தேவாலயத்துக்குப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. பழைய மதத்தின் நண்பர்கள் கேள்விப்பட்டால் முகம் சுளிப்பார்கள். சிலர் வாயைத் திறந்தே கேட்பார்கள். அவள் அலமாரியிலிருந்து சின்ன லாந்தர் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

திரும்பி வரும்போது காற்று. தெருவில் எல்லோரும் ஒரு கையால் தீயை மறைத்தபடி, மற்றவர் காலை மிதிக்காமல் மெதுவாக நடந்தார்கள். முன்னால் போன ஒரு பையனின் மெழுகுவத்தி அணைந்துவிட, லாந்தரைத் திறந்து கொடுத்தாள். அவன் ஏற்றிக்கொண்டு ஓடினான். லிஃப்ட்டில் ஏறப் பயந்து, மாடிப்படியில் நடந்தே ஏறினாள்.

அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நிலைவாசலில் சிலுவை போட அவருக்குக் கை எட்டவில்லை. மகள் அவர் மணிக்கட்டைப் பிடித்து உயர்த்தினாள். கறுப்புக் கோடு கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது.

"இன்னிக்கு ஒருநாள் எரியட்டும். நான் முழிச்சிருந்து பார்த்துக்கறேன்" என்றாள் மகள். லாந்தரை எடுத்துக்கொண்டு படுக்கையறைப் பக்கம், மாதா படத்தை நோக்கி நடந்தாள்.

"அங்க வேண்டாம்."

நின்றாள்.

"சமையலறையிலயே வை. உப்பு ஜாடி பக்கத்துல. ராத்திரி பூரா நீ அங்கதானே உட்காருவ, அங்கதானே பேசுவ." அம்மா கைத்தடியைத் தேடி எடுத்துக்கொண்டார். "நான் வந்ததுலேர்ந்து கேட்டுட்டுத்தான் இருக்கேன். காது இன்னும் நல்லாத்தான் இருக்கு."

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "முதல்ல சூப்பை ஊத்து, பசிக்குது" என்றார் அம்மா.

ஈஸ்டர் இரவுக்கான மாகிரிட்சா சூப். ஆட்டுக்குடல், கீரை, எலுமிச்சை, முட்டை. முதல் கரண்டி மண் கிண்ணத்துக்குப் போனது. இந்த முறை அவள் உப்பு ஜாடியை முன்னால் இழுத்து மறைக்கவில்லை. அம்மா அதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சிவப்புச் சாயம் ஏற்றிய முட்டைகளை ஒன்றோடொன்று மோதினார்கள். அம்மாவின் முட்டை உடையவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் இரண்டாவது கிண்ணம் சூப்பும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, ஒன்றரை மணிக்குப் படுத்தார்.

அவள் அடுப்பு மேடைக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். நாலு மணிக்கு மேல் லாந்தருக்குள் மெழுகு தீர்ந்து, தீ நீலமாகச் சுருங்கி அணைந்தது. புகை போக ஜன்னலைத் திறந்துவிட்டு, மண் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். பக்கத்து அறையில் அம்மா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.