முகமும் முகவரியும்

மனிதன் தன்னைப் பிறர்க்குக் காட்டிக்கொள்ளும் முறை காலந்தோறும் மாறிவருகின்றது. முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் பெயரருகே இடப்படும் 'புரொபைல் படம்' அம்முறைகளுள் இன்று மிகப் பரவலானது. நாளாந்த வாழ்வை அரங்கின் முன்புறமும் பின்புறமுமாகப் பகுத்துக் காட்டிய சமூகவியலாளர் ஏர்விங் கொஃப்மன் (1922–1982) இப்படங்களைக் கண்டாரில்லை. கண்டிருப்பின் மடுல்சீமையிலும் அவருக்குச் சான்றுகள் கிடைத்திருக்கும்.

பதுளையிலிருந்து பசறை வழியாக மடுல்சீமைக்கு ஏறிவரும் உல்லாசப் பயணிகள், 'சிறிய உலக முடிவு' எனப்படும் மலைவிளிம்பில் நின்று படமெடுத்துச் செல்கின்றனர். பனியும் பள்ளத்தாக்கும் கொழும்பு இளைஞரின் முகத்துக்குப் பின்னணியாகின்றன. அதே மலையிற் பிறந்து தலைநகரின் கடைகளிலே தொழில்புரியும் இளைஞனின் படத்திலோ காலிமுகத்திடற் கடலும், 2022இல் திறக்கப்பட்ட தாமரைக் கோபுரமும் காட்சிதருகின்றன. லயத்துக் காம்பராவும் இல்லை, கொழுந்துக் கூடையும் இல்லை. பிறந்த இடத்தை மறைக்கும் வெட்கம் எனச் சிலர் இதனை எளிதிற் கூறிவிடுவர். அது பாதி உண்மையே.

மறுபாதியை அறியப் பழைய படங்களைப் பார்த்தல் வேண்டும். கண்டியில் தொழில்நடத்திய ஸ்கோவன், 1890இல் தொடங்கிய பிளாட்டே நிறுவனம் முதலியோர் இலங்கைத் தமிழ்த் தொழிலாளரைப் படம்பிடித்து விற்றனர். அக்கால அஞ்சலட்டைகளில் கூடை சுமந்த பெண் நிற்பாள், கீழே 'கொழுந்து பறிப்பவள்' என்பது போன்ற குறிப்பிருக்கும், பெயர் இராது. வீழ்ந்தவன் பெயரை நடுகல்லிற் பொறித்த மரபில் வந்தவர்க்கு நேர்ந்த நிலை இது!

அடுத்து வந்தது அரசு கேட்ட படம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சியோர்க்கு முடிவு காண 2003 வரை சட்டங்கள் வேண்டியிருந்தன. கடவுச்சீட்டுக்கோ அடையாள அட்டைக்கோ ஸ்ரூடியோவில் நிமிர்ந்தமர்ந்து, சிரிப்பின்றி எடுத்த படமே பல வீடுகளிற் பாட்டனாரின் ஒரே படம். அவர் இறந்தபின் அதனையே பெருப்பித்து மாலையிட்டனர்.

எங்கு நிற்பது, எதனை உடுப்பது, சிரிப்பதா என்பவற்றை இம்மக்கள் தாமே தீர்மானிக்கும் வாய்ப்பு, கைத்தொலைபேசி வந்தபின்னரே பரவலாயிற்று. ஆதலின் கூடையை விலக்கிய இளைஞன் தன் தாயை மறுக்கின்றான் எனல் பொருந்தாது. அஞ்சலட்டையையே அவன் மறுக்கின்றான். ஆயினும் அவன் விட்டகன்ற மலை, வந்துபோவோரின் அலங்காரமாக எஞ்சிவிடுகின்றது என்பதும் மறுத்தற்கரியது.

பெண்களுட் பலர் முகத்தையே இடுவதில்லை. படத்தை எடுத்து எவரேனும் தகாதவாறு பயன்படுத்துவர் என்ற அச்சத்தால் ரோசாப்பூவோ நடிகையோ அவ்விடத்தை நிரப்புகின்றனர். மத்திய கிழக்கில் வீட்டுப் பணிபுரியும் தாயர் பலர் தம் முகத்துக்குப் பதிலாகப் பிள்ளையின் முகத்தை இடுகின்றனர். வெள்ளைச் சீருடை, படிய வாரிய தலை, நெற்றியிற் திருநீறு. பிள்ளையின் தோளுக்குப் பின்னே லயத்தின் தகரக் கூரை சிறிது தெரிகின்றது. அதனை வெட்டி நீக்க அத்தாய்க்குத் தோன்றவில்லை.