மருந்து என்னும் சொல்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் ‘மருந்து’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. நோய் தீர்ப்பதும் மருந்து. பட்டாசுக்குள் செலுத்தப்படுவதும் மருந்து. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று அத்துணைத் தொலைவில் இல்லை. ஸ்ட்ரான்சியம் உப்பு தீயில் செந்நிறம் காட்டும். பேரியம் உப்பு பச்சை நிறம் காட்டும். லித்தியம் உப்பும் செஞ்சுடர் தருவதே. அந்த லித்தியத்தைத்தான் 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டார். பல நாள் உறங்காமல், ஓயாமல் பேசி, கைப்பொருளை வாரியிறைத்தவர்கள் அமைதியடைந்தனர். இன்றும் அது மனநல மருத்துவத்தில் வழங்கி வருகிறது.

ஓர் உப்பு மனிதரின் களிப்பையும் சினத்தையும் மாற்றுமெனில், ஆன்மா என்று நாம் சொல்வது எது?

இவ்வினாவை என்னிடம் எழுப்பியவர் தத்துவம் பயின்றவர் அல்லர்; வெடிவிபத்தில் வலக்கையை இழந்த ஒரு தொழிலாளி. கை போன பின்னும் கையில் வலி. இல்லாத விரல்கள் இறுக மடங்கி, இல்லாத உள்ளங்கையில் நகம் பதிவதுபோல் இரவெல்லாம் துடித்தார். உறவினர் சிலர் நடிப்பு என்றனர். வேறு சிலர், விபத்தில் இறந்தவரின் ஆவி பற்றியிருக்கிறது என்றனர். அவருடைய மனைவி என்னிடம் வந்து, “செபிச்சு, தீர்த்தம் தெளிச்சு விடுங்க சாமி” என்றார்.

சென்று செபித்தேன். பின்னர் மற்றொன்றையும் அவர்களுக்குச் சொன்னேன். தமிழகத்தில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, கலிபோர்னியாவில் ஆய்வு நடத்திய வி. எஸ். இராமச்சந்திரன் இத்தகைய வலியை ஆராய்ந்தவர். உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் மூளையில் ஓர் இடமுண்டு. உறுப்பு போனாலும் அவ்விடம் எஞ்சியிருக்கிறது. 1990களில் அவர் ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தி, நலமான கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியும்படி செய்தார். நலமான கையை விரித்தபோது, மடங்கிக் கிடந்த மாயவிரல்களும் விரிந்ததாகச் சிலர் உணர்ந்தனர், வலி தணிந்தது. எல்லாருக்கும் இப்பயன் கிட்டுவதில்லை. நம் தொழிலாளி மதுரையில் மருத்துவரைக் கண்டார். மாத்திரையும் கண்ணாடிப் பயிற்சியும் சேர்ந்து அவருக்கு ஓரளவு உறக்கம் தந்தன.

ஒருநாள் திருப்பலி முடிந்ததும் அவர் கேட்டார்: “சாமி, இல்லாத கை மூளைக்குள்ள இருக்குதுன்னா, நான் செபத்துல பேசுற ஆண்டவரும் மூளைக்குள்ள மட்டுந்தானா?”

இறையியல் வகுப்பில் பேராசிரியர்கள் கேட்ட கேள்விகளிலும் இது கூர்மையானது. நான் சொன்னேன்: “தம்பி, உன் இடக்கையையும் நீ அதே மூளையாலதான் உணர்ற. அதனால இடக்கை பொய்யாயிருமா?”

அவர் தம் இடக்கையைப் பார்த்துக்கொண்டார்.

மூளையில் உணரப்படுகிறது என்பதனாலேயே ஒன்று உண்டு என்றும் ஆகாது, இல்லை என்றும் ஆகாது. மனைவியின் அன்பையும் அவர் மூளையின் வழியேதான் அறிகிறார். அது மெய்யென்று காட்டியது, இரவுதோறும் அந்தப் பெண் விழித்திருந்ததுதான். விசுவாசத்தையும் அதன் கனிகளால் அறியுமாறே ஆண்டவர் நமக்குக் கற்பித்தார்.

உடலைத் தோணி என்றும், ஆன்மாவை அதில் அமர்ந்து செல்லும் தோணிக்காரன் என்றும் கருதும் எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. திருச்சபையின் போதனை அதுவன்று. ஆன்மாவே மனித உடலின் வடிவம் என்று 1312இல் வியன் பொதுச்சங்கம் அறிக்கையிட்டது. 1992இல் வெளியிடப்பட்ட மறைக்கல்வி நூலும் அதையே உரைக்கிறது. இருவேறு பொருள்களின் கூட்டு அன்று மனிதர்; உடலும் ஆன்மாவுமாய் ஒருவரே. ஆகவேதான் புனித தாமஸ் அக்குவினாஸ் துயரத்தைத் தணிக்கும் வழிகளைக் கூறுகையில், கண்ணீர், நண்பரின் பரிவு, உண்மையைத் தியானித்தல் ஆகியவற்றோடு உறக்கத்தையும் குளியலையும் தயங்காமல் சேர்த்தார்.

இதனை மறந்தால் இரு பக்கமும் இடறுவோம். எல்லாம் ஆவியே என்பது ஒரு பக்கம். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். பிற சமயத்தாரை நோக்கி நாம் விரல் நீட்ட வேண்டாம். நோயாளியைக் கட்டிவைத்து வேண்டுதல் செய்யும் வழக்கம் நம் திருத்தலங்களிலும் இருந்ததே. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை முற்றாகத் தடைசெய்கிறது.

எல்லாம் உப்பே என்பது மறுபக்கம். “என் உடம்பு அப்படி” என்று சொல்லிக் குடித்துவிட்டு மனைவியை அடிப்பவர் உண்டு. அச்சமும் பழக்கமும் உளநோயும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கலாம் என்று மறைக்கல்வி ஏற்கிறது. குறைத்தல் வேறு; இல்லாததாக்குதல் வேறு. குடிநோய்க்குச் சிகிச்சை தேடிச் செல்லும் பொறுப்பேனும் அவருக்கு எஞ்சியிருக்கிறது. அவ்வாறே, 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் நேர்ந்ததைப் போன்ற பெருவிபத்தில் தப்பியவர் சிற்றோசைக்கும் நடுங்கினால் அவருக்கு மருத்துவம் வேண்டும். ஆனால் ஓர் அறையில் விதியை மீறி ஆட்களை அமர்த்துவோரை மாத்திரை திருத்தாது. அது நீதியைச் சார்ந்தது.

அன்பர்களே, உங்கள் அன்பியத்தில் ஒருவர் மனநலத்துக்கு மாத்திரை உட்கொள்கிறார் எனில், அதனை விசுவாசக் குறைவு என்று சொல்லாதீர்கள். அவருக்காகச் செபமாலை சொல்லுங்கள். மருத்துவரைக் காணும் நாளில் பேருந்தில் அவரோடு துணைக்குச் செல்லுங்கள். இரண்டும் ஒரே அன்பின் பணிகளே.